பிளேட்டைக் கழற்றாத வெள்ளிக்கிழமை

மச்சான் றாசிக்கின் தொடை மேல் மெஷின் கிடந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. சகோதரர்களே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதறி அழுது துஆக் கேட்டேன் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் மரம்போல் நின்றேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம். சவூதியில் ஐந்து வருடம் கொங்கிறீட் வெட்டும் மெஷின் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். கல்முனைக் கொந்தராத்துக்காரர் ஒருவர் அதே மாதிரி ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார். தள்ளிக்கொண்டு போகும் வண்டிபோல் இருக்கும். முன்னால் பெரிய வட்ட பிளேட், மேலே எஞ்சின், தண்ணீர்த் தாங்கி. நாலு பேரால் தூக்க முடியாத பாரம். ஊரில் அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது. தங்கச்சியின் புருஷன் றாசிக்கை உதவிக்கு வைத்துக்கொண்டேன்.

லொறியில் ஏற்றி இறக்க முன் பிளேட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்ற வேண்டும். எண்ணெய்க் குழாயை மூட வேண்டும். மேலே நின்று கயிற்றில் பிடித்துத்தான் இறக்க வேண்டும். பாரத்துக்குக் கீழே எவனும் நிற்கக்கூடாது. இதையெல்லாம் றாசிக்குக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையில் வேலை முடித்து, எங்கள் கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கொங்கிறீட் மதகை வெட்ட வந்தோம். பள்ளியில் ஜும்ஆத் தொழுகைக்கு முந்திய குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது.

"மச்சான், தொழுதிட்டு வந்து இறக்குவமே," என்றான் றாசிக்.

"பத்து நிமிஷ வேலைதானே. இறக்கிப் போட்டுட்டு ஓடுவம்."

எண்ணெய்க் குழாயை மட்டும் மூடினேன். பிளேட்டைக் கழற்றப் போனால் தொழுகை தவறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நாட்களில் இமாம் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் நேரத்துக்குத்தான் நான் பள்ளிக்குள் நுழைவேன்.

சவூதியில் சீமெந்துத் தரையில் இறக்கிப் பழகிய கை. மெஷினை இறக்கும் பலகையை லொறியிலிருந்து அப்படியே மணலில் சாய்த்தேன். கடற்கரையில் பிறந்தவன் செய்யக்கூடாத பிழை. மெஷின் பாதி இறங்கும்போது பலகையின் ஒரு பக்கம் மணலில் புதைந்தது. பிளேட் பலகையில் கொளுவி, மெஷின் சரிந்து, கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்த றாசிக் மேல் புரண்டது. எஞ்சின் பாரம் முழுக்க அவன் தொடையில். பிளேட்டின் விளிம்பு அவன் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து, தொடையின் உள்பக்கம் தோலில் முட்டி நின்றது.

லொறி றைவர் நெம்பித் தூக்க அலவாங்கை எடுத்தார். "வேணாம், ஒரு பக்கம் கிளம்பினா பிளேட் உள்ளுக்கு இறங்கும்," என்றேன். வேறு யாரோ கதைப்பதுபோல் இருந்தது என் குரல். நேரே மேலே, எல்லாப் பக்கமும் ஒன்றாகத் தூக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர்.

"கால் இருக்கிற மாதிரித் தெரியல்ல மச்சான்," என்றான் றாசிக்.

எனக்கு மனசு இருக்கிற மாதிரித் தெரியவில்லை. சின்ன வயதில் பாடமாக்கிய துஆ ஒன்றுகூட நாவில் வரவில்லை. "றப்பே, ஆள் தா," என்றேன். அவ்வளவுதான் என் துஆ.

பள்ளியில் சலாம் கொடுத்தார்கள். றைவர் போட்ட சத்தத்தில் சனம் ஓடிவந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் தோணி கடலுக்குப் போகாது. அதனால் கரைவலைக்காரர் அத்தனை பேரும் அன்று பள்ளியில் இருந்தார்கள். மணலில் பாரம் தூக்க அவர்களை விட்டால் யார்? தோணிக்குக் கீழே போடும் கட்டைகளைக் கொண்டுவந்து மெஷினைச் சுற்றி அடுக்கினார்கள்.

"ஆரும் தனியத் தூக்காதீங்க. நான் சொல்லக்குள்ள ஒண்டாத் தூக்குங்க," என்றார் அவர்களில் ஒருவர்.

பிஸ்மில்லாஹ் என்ற ஒரே குரலில் மெஷின் நேரே மேலெழுந்தது. கட்டைகளில் அது உட்கார முன் றாசிக்கை இழுத்தெடுத்தேன். எலும்பு முறிந்திருந்தது. பிளேட் ஒரு விரல் உள்ளே போயிருந்தால் பெரிய இரத்தக் குழாய் அறுந்திருக்கும் என்றார் டொக்டர். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சியிடம், "பிளேட்டைக் கழட்டாம உட்டது நான்தான்," என்றேன். "ஓம் காக்கா, அவர் சொன்னாரு," என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோன்பு முழுவதும் சோறு தொண்டையில் இறங்கியது, ருசி தெரியவில்லை. பெருநாள் தொழுகைக்கு றாசிக் தடியூன்றி வந்து என் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து தக்பீர் கட்டினான். அப்போதுதான் அழுதேன். அல்ஹம்துலில்லாஹ், அழ முடிந்ததே என்றுதான் முதலில் நினைத்தேன்.

மனசு மரத்துப்போய் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அழுகை வரட்டும், பிறகு கேட்போம் என்று காத்திருக்காதீர்கள். வருகிற இரண்டு சொல்லில் கேளுங்கள். நான் ஆள்தான் கேட்டேன். அல்லாஹ் பள்ளி நிறைந்த ஜமாஅத்தை அனுப்பினான்.

அன்றிலிருந்து குத்பா நேரத்தில் நான் பள்ளிக்குள் இருக்கிறேன். மெஷின் இறக்கும்போது றாசிக் லொறிக்கு மேலே, நொண்டிக் காலை அகட்டி வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிளேட் சுற்றிய சாக்கை நான் தூக்கிக் காட்டும் வரைக்கும் கயிற்றைத் தளர்த்த மாட்டான்.