காற்று சரியில்லாத நாள்

நானே கட்டிய குட்டி விமானத்தின் என்ஜினை மூடும் ஃபைபர் உறையைச் செய்து பொருத்தியவர், முக்கூடலில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒட்டுப்போடும் அண்ணாச்சி. தேய்த்த இடத்தில் கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துத்தான் வழவழப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பார்.

பறக்க அனுமதி கிடைக்கவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. என்ஜினை ஓட்டிப் பார்த்த அன்று சொந்தக்காரர்களை வேனில் கூட்டி வந்துவிட்டார்.

"எப்பம் தம்பி மேல போவும்?"

"இன்னைக்குக் காத்து சரியில்ல, அண்ணாச்சி."

அண்ணாந்து பார்த்தார். தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

"சத்தம் மட்டுந்தான் போடுமோ?" என்று அவர் மச்சினன் சிரித்தான்.

"ஏலே, காத்து சரியில்லல்லா! வண்டில ஏறு."

அடுத்த வாரமும் உறையைத் தேய்க்க வந்தார். எப்போது பறக்கும் என்று மட்டும் கேட்கவில்லை.