டிபன் பை மாட்டிய குமிழ்

போன வாரம் பெங்களூரில் நல்ல குளிர். மகள் என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். கார் சத்தமே இல்லாமல் கிளம்பிவிட்டது. "கீழ என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் கவனித்தேன். ரிப்போர்ட் பையை மாட்ட, முழங்காலுக்கு மேலே ஒரு குமிழைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளில், குவைத்தில் ஃபஹாஹீலில் இருந்தபோது நான் வாங்கிய பழைய காரில் அப்படி ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. ஸ்டியரிங்குக்கு அடியில், தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். எதற்கென்று எனக்குத் தெரியாது. நான் ஓட்டக் கற்றது ஆகஸ்டில். சொல்லிக்கொடுத்தவர் அந்த மாதிரிக் குமிழைத் தொட்டதே இல்லை. நவம்பரில் கார் வந்த மறுநாளே என் மனைவி வசந்தா அதற்கொரு வேலை கண்டுபிடித்துவிட்டாள்.

"டிபன் பைய இதுல மாட்டுங்க. சீட்ல வச்சா சாம்பார் கொட்டிரும்."

மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர், நல்ல கனம். மாட்டினால் குமிழ் கொஞ்சம் வெளியே வரும். ஆபீஸில் பையை எடுத்ததும், முழங்காலில் இடிக்கிறதே என்று அதை உள்ளே தள்ளிவிடுவேன். கார் கறுப்பாகப் புகை கக்கியது, பெட்ரோலைக் குடித்தது. ஆனால் பல் கிட்டும் குளிரிலும் ஒரே திருப்பில் கிளம்பியது. பாலைவனத்தில் ஏது குளிர் என்று சிரிக்காதீர்கள். அப்படி நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போய் இறங்கியவன்தான் நானும்.

ஜனவரியில் வசந்தாவைப் பிரசவத்துக்குச் சேர்த்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். ஆபரேஷன் ஆகலாம், என் கையெழுத்து வேண்டுமாம். ஆறரைக்குச் சாவியைத் திருப்பினேன். கார் இருமியது, அடங்கியது. மறுபடி, மறுபடி. நேற்றுக் காலை வரை ஒழுங்காகக் கிளம்பிய கார்! தெருவில் ஒரு டாக்சி இல்லை. பானெட்டின் மேல் கம்பளியைப் போர்த்தினேன், கெஞ்சினேன். அவள் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. சொல்வதற்கென்ன, அழுதேவிட்டேன்.

கட்டடத்துக் காவல்காரர் கான் பாய் போர்வையோடு வந்து பார்த்தார். "சோக் கீஞ்சோ பாய், சோக்!" என்று கையை உள்ளே விட்டு அந்தக் குமிழை இழுத்தார்.

"அது பை மாட்டறதுங்க," என்றேன், தமிழிலேயே.

"யல்லா, ஸ்டார்ட் கரோ!"

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஏழு ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டேன். எட்டுக்குள் மகள் பிறந்துவிட்டாள். கான் பாய் சொன்ன 'சோக்', குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற குமிழாம். இத்தனை நாளும் அதை இழுத்துவிட்டது வசந்தாவின் சாம்பார். திரும்பும்போது கேரியர் காலி, அது இழுக்காது. வெயிலில் கிடந்த காருக்கும் அது தேவைப்படவில்லை. இதைச் சொன்னதும் வசந்தா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பின்ன? எதுக்குத் தினமும் அங்கயே மாட்டச் சொன்னேன்னு நினைச்சீங்க?"

கார்ச் சாவியைக்கூடத் தொட்டறியாதவள். கிண்டலா, நிஜமாகவே தெரிந்திருந்ததா? அப்புறம் எத்தனையோ தடவை கேட்டேன். சிரிப்புதான் பதில்.

அந்தக் காரை மறு வருஷமே விற்றாயிற்று. குமிழ் வைத்த கார்கள் எப்போது இல்லாமல் போயின என்று கவனிக்கவில்லை. வசந்தா போய் நான்கு வருஷமாகிறது. அன்று காலை பிறந்த மகள், சிக்னலில் காரை நிறுத்திவிட்டு இந்தக் கதையை முழுக்கக் கேட்டாள்.

"அம்மாவுக்கு நிஜமாவே தெரியுமாப்பா?"

"தெரியலையேம்மா. இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்," என்றேன். ரிப்போர்ட் பை மடியிலேயே இருந்தது.