காதில் விழ ஓடிய எஞ்சின்

அந்த டிரைவரை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். எண்பதுகளின் தொடக்கத்தில், புனே பக்கத்தில் பிம்ப்ரியில் எங்கள் கம்பெனியின் டீசல் பிக்கப்பை ஓட்டியவர். வேலூர்ப் பக்கம். காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் விடாமல் போட்டிருப்பார். எங்கே போய் வந்தாலும் என் ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, அணைக்காமல் ஐந்து நிமிஷம் ஓடவிடுவார். பானெட் அருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே என் மேஜை அதிரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இந்த எஞ்சினுக்குச் சூடு ஆற இவ்வளவு நேரம் வேண்டியதே இல்லேன்னு மெக்கானிக்கே சொல்றான். எதுக்கு டீசலை வீணாக்கறீங்க?"

"எனக்கும் தெரியும் சார். போன கம்பெனியில எஞ்சின் ஜாம் ஆச்சு. சூட்டோட ஆஃப் பண்ணிட்டான்னு என் தலையில பழியைப் போட்டு அனுப்பிட்டாங்க. இது எஞ்சினுக்கு இல்ல சார். உங்க காதுல விழணும்னுதான்."

நான் சிரித்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலையில் இந்த எஞ்சினும் ஜாம் ஆனது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, நேற்று சாயங்காலம் இவர் வண்டியை ஓடவிட்டுத்தான் அணைத்தாரா என்று என்னிடம் இந்தியில் கேட்டார். டிரைவர் என்னையே பார்த்தார். தினமும் கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமலே போயிருந்தது. கவனிக்கவில்லை என்றேன்.

அவர் வண்டிச் சாவியை மேனேஜரின் மேஜைமேல் வைத்தார். "வரேன் சார்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.