சத்தம் போடாத பறவைகள்

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு எதிலும் சந்தேகம். அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் பிறர் எழுதியதை அடித்து அடித்து, எங்கே தப்பு இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். காய்கறிக்காரரின் தராசையே நம்பாதவள் கட்டிய கணவரை மட்டும் நம்பிவிடுவாளா என்ன?

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பறவைகள் வலசை வரும் மாதங்களில் விடிந்ததும் விடியாததுமாக ஊருக்கு வெளியே உள்ள சதுப்பு நிலத்துக்கு நடந்துவிடுவார். வந்திறங்கியவற்றை எண்ணி நோட்டில் கிறுக்கிக்கொண்டு வருவார். அதை அழகாக அடித்துப் பறவைச் சங்கத்துக்கு அனுப்புவது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக இதே கூத்துதான்.

இந்த வருடம் நான்காவது பட்டியலை அடிக்கும்போது விரல் நின்றது. நாரை இல்லை, கரண்டிவாயன் இல்லை. பழைய பட்டியல்களில் முதல் வாரமே வந்து நிற்கிற கூட்டம் அது. கையெழுத்தும் கோடு தாண்டி ஓடியிருந்தது. கேட்டதற்கு, தண்ணீர் குறைவு, அதனால் வரவில்லை என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். மனுஷர் சதுப்புப் பக்கமே போவதில்லை, வேறு ஏதோ வீட்டுக்குப் போகிறார், பட்டியல் முழுக்கக் கப்சா என்று அவள் முடிவுகட்டினாள். வேனைக் கழுவவே நேரமில்லாதவருக்கு இன்னொரு குடும்பமா என்று அக்கா போனில் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்கப் பின்னாலேயே போனாள். அவர் நேராகச் சதுப்புக்குத்தான் போனார். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தொலைநோக்கி கழுத்தில் சும்மா தொங்கியது. ஆள்காட்டிக் குருவி கத்தியது; தலையைச் சாய்த்துக் கேட்டு எழுதினார். நாணலுக்குள் உள்ளான் குருவி ஒன்று குரல் கொடுத்தது, அதையும் எழுதினார். பிறகு கண்ணைத் திறந்து எதிரே பார்த்தார். அங்கே வெள்ளை வெளேரென்று இருபது கரண்டிவாயன்கள் சத்தமில்லாமல் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அவர் எழுதவில்லை.

பட்டியலில் இருந்ததெல்லாம் கத்துகிற பறவைகள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்னொருத்தி இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தாள். நாணல் மறைவிலிருந்து எழுந்து அவர் எதிரே போய் நின்றாள்.

"யாருங்க அது? கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, பறவை கலைஞ்சிடும்" என்றார், அவள் முகத்தைப் பார்த்தபடியே.

"நான்தாங்க."

அவர் நோட்டை மூடிவைத்தார். பிறகு மென்று விழுங்கிச் சொன்னார். பார்வை மங்கி எட்டு மாதமாகிறதாம். டாக்டரிடம் போனால் லைசென்சும் வேலையும் போய்விடும் என்று பயமாம்.

"அந்த ரூட்டு எனக்கு மனப்பாடம். ஒரு திருப்பம்கூடத் தப்பாது. நீ பயப்படாத."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ரோட்டைத் தாண்டுற பிள்ளை சத்தம் போட்டுக்கிட்டா வரும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார். இன்றைக்கு வேன் வராது என்று பள்ளிக்கூடத்துக்கு அவளே போன் போட்டாள்.