பத்து மார்க் வலைப்பூ

1. உத்தரவு

ஓசூர் மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். வலைப்பூ என்ற பேச்சு புதிதாகக் கிளம்பியிருந்த காலம். ஒருநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் பிரின்சிபால் அறிவித்தார்.

"இனிமே ஒவ்வொரு ஸ்டூடண்ட்டும் வாரத்துக்கு ஒரு பதிவு போடணும். இன்டர்னல்ல பத்து மார்க். லிங்க்கை சுத்தி இருக்கிற கம்பெனி எச்.ஆருக்கெல்லாம் அனுப்பப் போறேன். பிளேஸ்மென்ட்டுக்கு ஆகும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "விருப்பம் இருக்கிறவங்க எழுதட்டுமே சார். ஊரே பாக்குற இடத்துல கட்டாயப்படுத்தி எழுத வைக்கலாமா?"

"விருப்பம்னு விட்டா ஒருத்தனும் எழுத மாட்டான் மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

அதுவும் பொய்யில்லை. விட்டால் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர வேறெதையும் திறக்க மாட்டார்கள்.

2. இரண்டு பட்டன்

முதலில் வந்ததெல்லாம் பேப்பரிலிருந்து உருவிய சரக்கு. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழில் டைப் அடிப்பதே பெரும்பாடு. ரேவதி ஒருத்திதான் சொந்தமாக எழுதினாள், ஆசையாகவும் எழுதினாள். அவள் அப்பா முருகேசன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அமுக்கிப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். ஒரு வாரம் அவரைப் பற்றி எழுதினாள்.

பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. டார்கெட் எட்ட வேண்டுமே என்று அங்கே ஒரு பட்டனில் குச்சியைச் சொருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும், பார்க்காத மாதிரி போய்விடுவார்.

"என் அப்பா குச்சி சொருகி ஒரு கையாலேயே பிரஸ் ஓட்டுவார். ஷிஃப்டில் அவரை மிஞ்ச ஆளில்லை" என்று பெருமை பொங்க எழுதிவிட்டாள், கம்பெனி பெயரையும் போட்டு.

எங்கள் காலேஜில் பதிவுகளை எண்ணத்தான் ஆள் இருந்தது, படிக்க ஆளில்லை. அந்தக் கம்பெனி எச்.ஆர். படித்தார். அடுத்த வாரமே முருகேசனின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். சேஃப்டி விதியை மீறினாராம். சூப்பர்வைசரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. எண்ணிக்கை

முருகேசன் லேப் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக டீச்சர். அது பெருமையாத்தான எழுதுச்சு? அதை மட்டும் எடுத்துருங்க. வேற கம்பெனியில கேக்கப் போறேன். அவுகளும் பாத்துட்டா யாரு சேத்துக்குவாக?"

நேரே பிரின்சிபால் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அழிக்கட்டும் மேடம். ஆனா பதிவு எண்ணிக்கை குறைஞ்சா மார்க்கும் குறையும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அடப்பாவி மனுஷா!

ரேவதி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பதிவை அழித்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"இதுக்குப் பதிலா எதைப் பத்தி எழுதட்டும் மேடம்?"

"உனக்குப் பிடிச்சதை எழுதும்மா."

"பிடிச்சதெல்லாம் வேணாம் மேடம். யாருக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரி ஏதாவது சொல்லுங்க."

மாம்பழத்தின் நன்மைகள் என்று எங்கிருந்தோ காப்பியடித்துப் போட்டாள். படிப்பு முடியும்வரை அப்படியேதான். முருகேசனுக்கு அப்புறம் எந்த பிரஸ் ஷாப்பிலும் வேலை கிடைக்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

இப்போது வாத்தியாராக இருக்கும் சின்னவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், கட்டாயமா விருப்பமா என்று. எழுதச் சொல்லுங்கள். கட்டாயமாகவே சொல்லுங்கள், உங்கள் கையில் கொடுக்கிற தாளில். அதை நீங்கள் படியுங்கள். ஊர் பார்க்கிற இடத்தில் போடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையிடம் விடுங்கள். வேண்டாம் என்றால் மார்க்கில் கை வைக்காதீர்கள்.

எங்களிடம் விரும்பி எழுதியவள் ஒருத்திதான். அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டு, எழுத்தே வேண்டாம் என்று ஆக்கி அனுப்பினோம்.