வெட்டிப் போட்ட காண்டாமிருகம்

பொம்மை விற்பதற்காகவே எடுத்த படம் அது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலில் பொம்மையைச் செய்துவிட்டு, அதற்கு ஒரு கதையைக் கட்டி, தினமும் சாயங்காலம் டிவியில் விடுகிறார்கள். எல்லாம் இரும்பு மிருகங்கள். காண்டாமிருகம்தான் தலைவன். கொம்பைத் தாழ்த்தினால் லாரியாக மாறிவிடும், நிமிர்த்தினால் பீரங்கி. சுத்தத் தமிழில் பேசிக்கொண்டே சண்டை போடும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகளும் அந்தப் பாஷையிலேயே பேச ஆரம்பித்தாள். "தாயே, உணவு தயாரா?" என்பாள். சிரிப்பதா, முதுகில் ஒன்று வைப்பதா என்று தெரியாது.

நானும் அவள் அப்பாவும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அவருக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை. எனக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வீடு திரும்பும்வரை பிள்ளைக்குத் துணை அந்த டிவிதான். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஒரு நாள் மேஜையில் விழுந்த கட்டைப் பிரித்தால், காண்டாமிருகம்! நீலத் துணியில், நெஞ்சு முழுக்க, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிற பனியன். எனக்கு என்னவோ ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

யாரும் நம்பவில்லை. அந்த வகுப்பில் ஒரு பெண்ணிடம் அந்தப் பொம்மையே இருக்கிறது. அவள் அப்பா சின்னதாகக் கம்பெனி வைத்திருக்கிறார். அதெல்லாம் அமெரிக்காவில் செய்வது, உங்கம்மா எப்படிச் செய்வார்கள் என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து என் மகளுக்குப் பேர் புளுகுணி. விளையாட்டில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் உட்காருவதில்லை. வயிறு வலிக்கிறது என்று இவள் சொன்னால்கூட, பொய் சொல்கிறாள் மிஸ் என்று நாலு பேர் எழுந்து நிற்கிறார்களாம். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளன்று மட்டும் கலர் டிரஸ் போடலாம். அவள் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பனியனையே போட்டுக்கொண்டு போ, எவள் வாயைத் திறக்கிறாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். சும்மா ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் ரிஜெக்ட் பீஸ் போடாத பிள்ளை உண்டா? சின்ன ஓட்டை, துளி எண்ணெய்க் கறை என்று தள்ளியதை எங்களுக்குக் கொடுப்பார்கள், மிச்சம் செகண்ட்ஸ் கடைக்குப் போகும். எங்கள் லைன் வீட்டுக் கொடியில் காயாத வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரே இல்லை. மகளின் அளவில், கக்கத்தில் தையல் விட்ட ஒன்றை நானே பார்த்துத் தள்ளியும் வைத்திருந்தேன்.

ஆர்டர் முடிந்த அன்று ரிஜெக்டை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து, எங்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். பொம்மைக் கம்பெனிக்காரன் படம் போட்ட துணி ஒன்றுகூட வெளியே போகக் கூடாதாம். அவர்கள் ஆள் எதிரில் நின்று பார்க்க, படத்தின் நடுவிலேயே வெட்டவேண்டுமாம். மேனேஜரிடம் போய்ப் பிள்ளை கதையை முழுக்கச் சொன்னேன். தன்மையான மனுஷன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் பேத்தி இருக்குதுங்க அம்மிணி. நான் என்னங்க பண்றது? ஒரு பீஸ் வெளிய போச்சுன்னா மொத்த ஆர்டரும் போயிருமுங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படிச் சொல்கிறவரை என்ன செய்வது? போட்டோ எடுத்தாவது காட்டலாம் என்றால், போனைக் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். சேலைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம் என்றால், வெளியே விடும்போது உடம்பைத் தடவிப் பார்க்கிறார்கள். வெட்டினேன். மகளுக்கென்று தள்ளி வைத்த, கக்கம் பிரிந்த பனியனும் என் கைக்குத்தான் வந்தது. கொம்பிலிருந்து கால்வரைக்கும் வெட்டிச் சாக்கில் போட்டேன். நாசமாய்ப் போங்கடா என்று மனதுக்குள் வைதேன். யாரை வைதேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறந்தநாளன்று பட்டாம்பூச்சி போட்ட கவுனை எடுத்து நீட்டினேன். அடம் பிடிக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கம்பெனியில் பெர்மிஷன் சொல்லிவிட்டு அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மிஸ் சின்னப் பெண், நல்ல மாதிரி. விஷயத்தைக் கேட்டதும், நீங்களே பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தினாள்.

அந்தப் பனியன் எங்கள் கம்பெனியில்தான் தைத்தது, என் கையால் பார்த்துத்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். பொம்மை வைத்திருக்கிற அந்தப் பெண் எழுந்து நின்றது.

"அப்புறம் ஏனுங்க ஆன்ட்டி இவ அதைப் போட்டுட்டு வரலை?"

மரியாதையாகத்தான் கேட்டது.

"மிச்சத்தை எல்லாம் வெட்டிப் போடச் சொல்லிட்டாங்க" என்றேன்.

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் வகுப்பே சிரித்தது. புதுத் துணியை யாராவது வெட்டிப் போடுவார்களா? மிஸ்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் காதுக்கே அது புளுகாகத்தான் கேட்டது. சாமி சத்தியமாக என்று ஏதோ உளறினேன். சிரிப்பு இன்னும் கூடியது. விவரம் தெரிந்த பிள்ளைகளா, பிடித்து நாலு வார்த்தை கேட்க? சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

என் மகள் சாக்லேட் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள்.

"மிஸ், எங்கம்மா பாவமுங்க. நான்தான் பொய் சொன்னேன். அம்மாவையும் சொல்லச் சொல்லி நான்தான் அழுதேன்."

சிரிப்பு நின்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பேசாதே என்று மகள் தலையை ஆட்டினாள். மிஸ் அவளைப் பக்கத்தில் அழைத்து அணைத்துக்கொண்டாள். தைரியமாக உண்மையைச் சொன்னதற்கு எல்லாரும் கை தட்டுங்கள் என்றாள். கடைசி பெஞ்சுவரைக்கும் தட்டினார்கள்.