ஆற்றில் முங்கி எழுந்த பை

அடுத்த வாரம் பத்து நாள் மலையேற்றம். என் குட்டை முதுகுக்குக் கடைப் பை எதுவும் பொருந்தவில்லை. அதனால் மேலப்பாளையத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கும் காசிம் பாயிடம் ஒன்று தைத்து வாங்கினேன்.

"மழைக்கு ஒழுகாதுல்லா, பாய்?"

"ஆத்துல முக்கிப் பாத்துருவோம்க்கா. நானும் வாரேன்."

இன்று காலை குறுக்குத்துறையில், பைக்குள் நான்கு பொரித்த அப்பளம் போட்டு, வாயை இறுக்கிக் கட்டித் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தோம்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "ஏம்மா, உள்ள என்ன கெடக்கு?"

"அப்பளம்க்கா."

ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து ஒன்றை ஒடித்தேன்.

நொறுக்!

படித்துறையே கைதட்டியது. மீதி மூன்றையும் அவர்களே தின்று தீர்த்தார்கள்.

காசிம் பாய் அப்போதுதான் உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! தையல் வழியா தண்ணி எறங்கிருமோன்னு ராத்திரி ஒறங்கவே இல்லக்கா."

கூட வரும் நண்பர்கள் தங்கள் விலையுயர்ந்த பைகளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். படமெல்லாம் வேண்டாம். ஆற்றுக்கு வர யாருக்குத் தைரியம் இருக்கிறது?